ரேழியில் நின்ற குதிரை

வாகன விஷயத்தில் தெய்வங்கள் பாக்கியசாலிகள். நமது கும்பகோணத்தில் பெரிய கோயில் எதற்குள் நுழைந்தாலும், ஒரு பக்கத்தில் குதிரையும் யானையும் சிம்மமும் ரிஷபமும் ஹம்ஸமும் வரிசையாக நிற்பதைக் காணலாம். ஒரு சுவாமிக்கு இத்தனை வாகனங்கள் எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. இன்ஷூரன்ஸ் கட்டியாயிற்றா, பதிவைப் புதுப்பித்தாயிற்றா என்று எந்த அதிகாரியும் வழிமறிப்பதில்லை. வாகனத்தை மாற்றிக்கொள்வதிலும் அவர்களுக்குத் தர்ம சங்கடம் கிடையாது. பக்கத்திலுள்ள சுவாமிமலையிலே முருகனுக்கு எதிரில் மயில் நிற்கவேண்டிய இடத்தில் யானை நிற்கிறது. அது இந்திரன் கொடுத்த ஐராவதம் என்பார்கள். இதற்காக மயில் மனஸ்தாபப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

மனிதர் வீட்டுச் சமாசாரம் வேறு. ஒரு வீட்டில் இரண்டு வாகனங்கள் சேர்ந்து, அவற்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலைமையும் ஏற்பட்டுவிட்டால், அந்த வீட்டில் அன்று முதல் சாம்பாரில் உப்புச் சரியாக இருக்கிறதா என்பதைக்கூட யாரும் கவனிப்பதில்லை. எல்லோரும் வழக்கறிஞர்களாகி விடுகிறார்கள். சென்ற 2025-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் நம் வீட்டில் நடந்தது இதுதான். நேயர்கள் வீட்டிலும் இத்தகைய வழக்கு இன்றோ நாளையோ வரக்கூடும். ஆகையால் எதிரும் புதிருமான வாதங்களையும், தீர்ப்பு எப்படிக் கிடைத்தது என்பதையும் இங்கே எழுதி வைப்பதில் பிரயோஜனம் உண்டு என்று எண்ணுகிறோம்.

முதலில் வாதி பிரதிவாதிகளை அறிமுகம் செய்து வைக்கிறோம்.

நாம் சர்க்கார் உதவி பெறும் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பிக்கும் உபாத்தியாயர். நம்மிடம் இருந்த இரண்டு வாகனங்களில் மூத்தது ஒரு பஜாஜ் சேதக் ஸ்கூட்டர். அதை 1986-ஆம் வருஷத்தில் வாங்கியவர் நம் தகப்பனார். வாங்கினார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டோம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் ஏழு வருஷம் அடங்கியிருக்கிறது. 1979-இல் முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்துகொண்டார். அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நாம் கதை கட்டுவதாக நினைக்கிறார்கள். வாங்க ஆள் இருந்தும் வண்டி இல்லாததற்குக் காரணம், ஒரு தொழிற்சாலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதையும் சர்க்கார் லைசென்ஸ் மூலம் நிர்ணயித்திருந்ததுதான். அந்த எண்ணிக்கைக்கு மேல் செய்வது சட்டத்துக்கு விரோதம். ஆகவே தேசமெங்கும் குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் வண்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, தபால்காரர் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். பெயர் பதிந்தபொழுது தொட்டிலில் கிடந்த பிள்ளை, வண்டி வந்தபொழுது இரண்டாம் வகுப்பு வாசித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை நாம்தான்.

சேதக் என்பது ராணா பிரதாப சிம்மனுடைய குதிரையின் பெயர். 1576-ஆம் வருஷத்து ஹல்திகாட்டி யுத்தத்தில் காயம்பட்ட காலோடு எஜமானனைச் சுமந்துபோய், ஓர் ஓடையைத் தாண்டிக் கரை சேர்த்த பிறகே அது உயிரை விட்டது என்பது ராஜபுதனத்துக் கதை. ஸ்கூட்டருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் நம் ஊர்க் குடும்பஸ்தர்களை நன்றாகப் புரிந்துகொண்டவர்களாகவே இருக்கவேண்டும். சட்டப்படி அதில் ஏறக்கூடியவர் இருவர்தான். ஆனால் தகப்பனார் ஓட்ட, முன்னால் நாம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்க, பின்னால் தாயார் ஒரு பக்கமாக உட்கார்ந்து தம்பியை மடியில் வைத்துக்கொள்ள, தேங்காய்ப் பழப் பையும் காலடியில் சேர்ந்துகொள்ள, அந்தக் குதிரை ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. காலையில் கிளம்ப மறுத்தால் வலப்பக்கமாக ஒரு முறை சாய்த்து நிமிர்த்திவிட்டு உதைக்கவேண்டும், உடனே புறப்பட்டுவிடும். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே அளவு. ஆகையால் கூட ஒரு ஸ்டெப்னி இருந்துவிட்டால் எந்தச் சக்கரம் பழுதானாலும் கவலை இல்லை. இந்த ஸ்டெப்னி என்ற சொல், வேல்ஸ் தேசத்தில் லனெல்லி என்னும் ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 1904-இல் அந்தத் தெருவில் மாற்றுச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அந்தத் தெருவாசிகளுக்கே மறந்துபோயிருக்கக் கூடிய சங்கதியைக் கும்பகோணத்துப் பஞ்சர்க் கடைக்காரர்கள் தினந்தோறும் உச்சரித்து வருகிறார்கள்.

இளைய வாகனம் ஒரு மாருதி 800 கார். 1983-ஆம் வருஷம் டிசம்பர் 14-ஆந் தேதி இந்திரா காந்தி அம்மையார் முதல் வண்டியின் சாவியை அதன் சொந்தக்காரரிடம் கொடுத்ததிலிருந்து, நடுத்தரக் குடும்பங்களுக்கும் கார் என்ற ஆசை துளிர்விட்டது. மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர் என்ஜின். பெரிய மனிதர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் நம் தெருவில் திரும்பக்கூடிய கார் அது ஒன்றுதான். புதிய புகை விதிகள் காரணமாக 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் அதன் விற்பனை நின்றது. நம்மைப் போன்ற சிற்றூர்க்காரர்களுக்கு அதற்குப் பிறகும் கிடைத்து வந்தது. 2014-இல் அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். நம்முடையது 2011-இல் பதிவானது. முதல் சொந்தக்காரரிடமிருந்து நாம் அதை வாங்கியது நான்கு வருஷங்களுக்குப் பின்னர்.

நிற்க. இரண்டு வாகனங்களும் இத்தனை காலம் சமாதானமாக வாழ்ந்திருக்க, 2025-இல் மாத்திரம் என்ன கலகம் என்று நேயர்கள் கேட்கலாம். மூன்று காரணங்கள் சேர்ந்துகொண்டன.

முதலாவது, சர்க்கார் கணக்கு. சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 வருஷம் செல்லும். அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கவேண்டும். 1986-இல் பிறந்த ஸ்கூட்டருக்கு 2001 முதல் ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டு வந்தால் 2026. காருக்கு 2011-உடன் 15-ஐக் கூட்டினாலும் 2026. தகப்பனும் பிள்ளையும் ஒரே வருஷத்தில் பரீட்சைக்குப் போவதுபோல் இரண்டுக்கும் ஒரே வருஷத்தில் கெடு முடிகிறது. புதுப்பிக்கும் கட்டணமோ முன்போல் இல்லை. கார்களுக்கு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாயிற்று. இரு சக்கர வண்டிகளுக்கு 300 ரூபாய் 1,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் இருபது வயதைக் கடந்த வண்டிகளுக்கு இன்னும் உயர்த்தி, இரு சக்கர வண்டிக்கு 2,000 என்றும் காருக்கு 10,000 என்றும் விதித்தார்கள். பசுமை வரி இதில் சேராது.

இரண்டாவது, நம் குமாரத்தி திருச்சியில் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் இருக்கிறாள். விடுதிக் கட்டணச் சீட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது. எழுபத்தாறு வயதான நம் தாயார் அந்த வருஷம் கார்த்திகைக்கு முன்னால் முழங்கால் நோயினால் மிகவும் தளர்ந்துபோனார். நான்கு கால் உள்ள வாக்கர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடக்கும்படி தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். நம்முடையது பழைய காலத்து வீடு. திண்ணை, அதைத் தாண்டினால் ரேழி, ரேழியைத் தாண்டினால் கூடம். ரேழியின் அகலம் நாலரை அடி. அதில் நாற்பது வருஷமாக ஸ்கூட்டர் நின்று வந்திருக்கிறது. ஸ்கூட்டரும் வாக்கரும் ஒரே சமயத்தில் ரேழியில் இருக்க முடியாது. தாயார் வாசலுக்கு வரவேண்டுமானால், யாராவது முதலில் ஸ்கூட்டரைத் தெருவில் இறக்கவேண்டும். நாமும் மனைவியும் வீட்டில் இல்லாத பகல் வேளைகளில் அவர் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களோடு இரண்டு வார்த்தை பேசுவது அவருக்கு ஐம்பது வருஷத்துப் பழக்கம். அந்தப் பழக்கம் நின்றுபோயிற்று.

தெருவில் ஒரு வண்டிக்குத்தான் இடம் உண்டு. இரண்டையும் வெளியே நிறுத்தினால் எதிர் வீட்டுக்காரர் தம் வீட்டுக்குள் ஜன்னல் வழியாகத்தான் நுழையவேண்டும். ஆகவே இரண்டில் ஒன்று போயாகவேண்டும் என்று ஏற்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சபை கூடிற்று. சென்னையிலிருக்கும் தம்பி தொலைபேசியிலே ஆஜரானான். அவனுடைய வாதம் மிகவும் உருக்கமாக இருந்தது. "காரை விற்றுவிடலாம், அண்ணா. காசு கொடுத்தால் கார் எப்பொழுது வேண்டுமானாலும் கிடைக்கும். அப்பாவின் வண்டி கிடைக்குமா? அது வெறும் இரும்பா? அதை விற்பதென்றால் எனக்குச் சோறு இறங்காது" என்றான். ஞாபகார்த்தப் பொருள்களின் விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அவை இருக்கும் வீட்டுக்கும் அன்பு செலுத்துகிறவர் வீட்டுக்கும் நடுவே தூரம் அதிகமாக ஆக, அன்பும் அதிகமாகிறது. "அப்படியானால் அதைச் சென்னைக்கு ரயிலில் அனுப்பி வைக்கட்டுமா?" என்று நம் மனைவி மிகவும் மரியாதையாகக் கேட்டாள். அவனுடைய அடுக்குமாடி வீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வண்டிக்குத்தான் இடம் என்ற விவரம் அப்பொழுது வெளியாயிற்று.

குமாரத்தி திருச்சியிலிருந்து வந்திருந்தாள். அவள் ஒரு சமரச யோசனை கூறினாள். பஜாஜ் கம்பெனி 2009-இல் ஸ்கூட்டர் தொழிலையே விட்டுவிடுவதாகத் தெரிவித்தது. பிறகு 2020 ஜனவரியில் சேதக் என்ற பெயருக்கு மட்டும் மறு ஜன்மம் கிடைத்து, மின்சார வண்டியாக வந்தது. பழையதைக் கொடுத்துவிட்டு அந்தப் புதியதை வாங்கிவிட்டால் பெயரும் நிலைக்கும், புகையும் போய்விடும் என்றாள். "பெயர் நிலைக்கும், ஆனால் ரேழியிலும் அல்லவா நிலைக்கும்?" என்று கேட்டோம். அதோடு அந்த யோசனை வாபஸாயிற்று.

பிறகு சாட்சி விசாரணை. நம் ஸ்கூட்டரை இருபது வருஷமாகப் பழுது பார்க்கும் மெக்கானிக்கை அழைத்துக் கேட்டோம். "சார், ஓட்டுகிறதென்றால் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொண்டிருக்கிறதுக்காக வைத்துக்கொள்ளாதீர்கள்" என்றார் அவர். காரணத்தையும் சொன்னார். இப்பொழுது பங்க்குகளில் ஊற்றும் பெட்ரோலில் இருபது சதவிகிதம் எத்தனால் சேர்ந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. தினமும் ஓடும் வண்டியில் பெட்ரோல் மாறிக்கொண்டே இருப்பதால் தோஷமில்லை. மாதக் கணக்கில் நிற்கும் வண்டியிலோ டாங்க்கின் உள்ளே துருப்பிடிக்கும். அந்தக் காலத்து ரப்பர்க் குழாய்கள் இந்தப் பெட்ரோலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அவை இளகியும் வெடித்தும் போகும். "நிறுத்தி வைத்தால் வண்டி செத்துப்போகும், சார். உருவம் மட்டும் இருக்கும்" என்று முடித்தார். வைத்தியரின் வாய்மொழியாகவே அது நம் காதில் விழுந்தது.

உபாத்தியாயர் வீட்டில் கணக்கில்லாமல் காரியம் நடக்குமா? ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். காரின் முக்கிய வேலை, மாதம் இரு முறை தாயாரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் வருவது. போக வர 80 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் வீதம் ஐந்து லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 500 ரூபாய். வருஷத்துக்கு 24 பிரயாணம், 12,000 ரூபாய். பழுது பார்க்க 8,000. பிறருக்கு நேரும் சேதத்துக்கான கட்டாய இன்ஷூரன்ஸ், ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட கார்களுக்கு 2022-இல் நிர்ணயித்தபடி 2,094; வரியும் சேர்த்துச் சுமார் 2,500. பதிவுக் கட்டணம் 5,000-ஐ ஐந்து வருஷத்துக்குப் பங்கிட்டால் 1,000. ஆக 23,500. அதே 24 பிரயாணங்களுக்கு வாடகைக் கார் பிடித்தால், நம் ஊரில் காத்திருப்புக் கூலி உள்பட ஒரு தடவைக்கு 2,000 ரூபாய்க்குக் குறைந்து யாரும் வருவதில்லை, 48,000 ஆகிவிடும்.

ஸ்கூட்டரின் வேலை, நம்மைத் தாராசுரத்திலுள்ள பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வருவது. நாளைக்கு 8 கிலோமீட்டர். பள்ளி நடக்கும் 220 நாளுக்கு 1,760. லிட்டருக்கு 40 கிலோமீட்டர் வீதம் 44 லிட்டர், 4,400 ரூபாய். இந்த வயதில் அதற்கு வைத்தியச் செலவு 4,000. இன்ஷூரன்ஸ் 714-உம் வரியும் சேர்ந்து சுமார் 850. பதிவுக் கட்டணத்தில் வருஷப் பங்கு 400. ஆக 9,650. குறைந்த தொகைதான். ஆனால் இந்த வேலையைச் செய்ய வேறு வழி இருக்கிறதா என்பதல்லவா கேள்வி? இருந்தது, கொல்லைப்புறத்தில் சாத்தி வைத்திருந்தது. பிளஸ் ஒன் வகுப்பில் சேரும் மாணவ மாணவிகளுக்குத் தமிழ்நாட்டுச் சர்க்கார் இலவசமாக வழங்கும் சைக்கிள், நம் குமாரத்திக்குக் கிடைத்தது. அவள் திருச்சிக்குப் போனபிறகு அதன் மேல் பாகற்கொடி ஏறிக்கொண்டிருந்தது. நாலு கிலோமீட்டர் தூரத்தைச் சைக்கிளில் கடக்க இருபது நிமிஷம் போதும். பெண்கள் சைக்கிளில் வாத்தியார் வந்தால் பையன்கள் சிரிப்பார்களே என்றால், வாத்தியாரைப் பார்த்துச் சிரிக்காத பையன்கள் எந்த யுகத்தில் இருந்தார்கள்?

கணக்கு இவ்வாறு ஸ்கூட்டருக்கு விரோதமாக முடிந்தது. ஆயினும் கணக்குத் தாளை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபொழுது, ஒருவர் முகத்திலும் தெளிவில்லை. இப்படிப்பட்ட விஷயங்களில் கணக்கு என்பது கதவு வரையில் கொண்டுவிடும். உள்ளே போக அதனால் முடியாது. கைப்பிடியின் ரப்பர், தகப்பனாருடைய உள்ளங்கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே அவர் கையைத் திருப்பும்பொழுது கேட்கும் 'கடக்' என்ற ஓசையைக் கொண்டே, அவர் தெரு முனையில் வருகிறார் என்பதைக் கூடத்திலிருந்தபடியே அறிந்துகொள்வோம். 2023-இல் அவர் காலமானார். ஓசை மட்டும் நம் கையில் தங்கியிருந்தது. அதை ஓர் அன்னியரிடம் எப்படிக் கொடுப்பது?

அப்பொழுது நம் மனைவி, "விற்பதற்குக் கையெழுத்துப் போடவேண்டியவர் அத்தை அல்லவா? அவர் என்ன சொல்லுகிறார்?" என்றாள்.

சட்டப்படி அவள் சொன்னது சரி. வண்டியின் சொந்தக்காரர் இறந்துவிட்டால் வாரிசுதாரர் முப்பது நாளைக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்யவேண்டும் என்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட விதி. அதன்படி 2023-லேயே ஸ்கூட்டரைத் தாயார் பெயருக்கு மாற்றியிருந்தோம். ஆர்.சி. புத்தகத்தில் உடையவர் அவர்தான். அவர் கூடத்துத் தூணில் சாய்ந்தபடி இதுவரையில் எல்லார் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, உன் அப்பா இந்த வண்டிக்குப் பணம் கட்டியது எதற்காக என்று உனக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். "நீ அப்பொழுது கைக்குழந்தை. தாராசுரத்தில் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தோம். ராத்திரி உனக்கு நெருப்பாய் ஜுரம். கடைசி பஸ் போய்விட்டது. மாட்டு வண்டியும் அகப்படவில்லை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டிலே நடந்தே வந்தோம். எனக்குச் செருப்பு வார் அறுந்துபோயிற்று. வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரமே போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். வண்டியின் மேல் ஆசைப்பட்டா கட்டினார்? நான் நடக்கக் கூடாது என்று கட்டினார்."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இப்பொழுது அந்த வண்டியில் என்னால் ஏற முடியாது. ஏற முடிகிற வண்டியை வைத்துக்கொள். இது ரேழியிலே நிற்கிறதனால் நான் திண்ணைக்குப் போகவில்லை என்று அவருக்குத் தெரிந்தால், அவரே முதலில் இதைத் தள்ளிக்கொண்டுபோய் வெளியே விட்டிருப்பார். அவரை நினைக்க எனக்கு வண்டி வேண்டுமா? ஆனால் ஒன்று. உடைக்கிறவனிடம் கொடுக்காதே. ஓட்டுகிறவனிடம் கொடு" என்றார்.

தொலைபேசியின் மறு முனையில் தம்பி வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அம்மா சொன்னபடி செய்யுங்கள்" என்றான்.

பழைய இரும்பு வியாபாரி 3,500 ரூபாய் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அவரை மரியாதையாக அனுப்பிவிட்டோம். மெக்கானிக் மூலமாக ஓர் இளைஞர் வந்தார். பழைய சேதக் வண்டிகளைத் தேடிப் பிடித்துச் செப்பனிட்டு ஓட்டுவதில் பிரியம் உள்ளவர், வயது முப்பதுக்குள். அந்த வண்டி வெளிவந்தபொழுது அவர் பிறந்திருக்கவே மாட்டார். வண்டியை வலப்பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி, ஒரே உதையில் கிளப்பினார். ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே அவர் அப்படிச் செய்ததைப் பார்த்ததும் நமக்கிருந்த தயக்கத்தில் பாதி போய்விட்டது. 16,000 ரூபாய்க்கு முடிவாயிற்று.

இவ்விடத்தில் நேயர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். சாவியைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டால் விற்பனை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் பதினான்கு நாளைக்குள் போக்குவரத்து ஆபீசுக்குத் தெரிவிக்கவேண்டும். அதற்காக ஏற்பட்டவைதான் 29-ஆம் நம்பர், 30-ஆம் நம்பர்ப் படிவங்கள். இதை அசட்டை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018-ஆம் வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அந்த வழக்கில் வண்டி ஒருவர் கையிலிருந்து ஒருவர் கையாகப் பலரிடம் மாறி, கடைசியில் ஒரு விபத்தும் நேர்ந்துவிட்டது. பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உடையவர், நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. எத்தனையோ வருஷத்துக்கு முன் விற்றுவிட்டோம் என்ற சமாதானம் செல்லாது. வாங்குகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பெயரை மாற்றிய பிறகே அவருடைய நல்ல குணத்தைப் பாராட்டுவது உசிதம். நம் இளைஞர் இதற்குச் சந்தோஷமாக உடன்பட்டார். நம்மோடு ஆபீசுக்கும் வந்தார்.

படிவங்களில் தாயார் கையெழுத்திட்டார். தம் பெயருக்குக் கீழே, 'காலஞ்சென்ற இன்னாரின் மனைவி' என்று எழுத இடமிருக்கிறதா என்று கேட்டார். அந்தப் படிவத்தில் அதற்கு இடமில்லை. "போகட்டும், முதல் புத்தகத்திலே அவர் பெயர்தானே இருந்தது" என்று சொல்லி, இன்ஷியலைச் சற்றுப் பெரிதாகப் போட்டார்.

வண்டி போன மறுநாள், ரேழித் தரையில் நாற்பது வருஷத்து எண்ணெய்க் கறை, ஒரு தாம்பாளம் அளவுக்கு வட்டமாகத் தெரிந்தது. மனைவி அதைத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. வந்த பணத்தை என்ன செய்வது என்று தாயாரைக் கேட்டோம். பேத்தியின் விடுதிக் கட்டணத்துக்கு 10,000 ரூபாயை எடுத்து வைத்தார். மிச்சத்தில் ரேழிச் சுவர் நெடுகக் கூடத்திலிருந்து திண்ணை வரையில் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு ஒரு கம்பி அடிக்கச் சொன்னார். கொல்லன் வந்து ஒரே நாளில் அடித்துக்கொடுத்தான்.

இப்பொழுது நாம் பாகற்கொடியிலிருந்து மீட்ட சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வருகிறோம். பையன்கள் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அவர்களுக்கு வேறு வேடிக்கை கிடைத்துவிட்டது. மாதம் இரு முறை மாருதி தஞ்சாவூருக்குப் போகிறது. தாயார் முன் ஆசனத்தில் உட்கார்ந்து, பாபநாசம் வந்தாயிற்றா, ஐயம்பேட்டை வந்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே வருகிறார். மற்ற நாள்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் வாக்கருமாக, எவர் உதவியுமின்றி ரேழியைக் கடந்து திண்ணைக்கு வந்துவிடுகிறார். வழியில் அந்தக் கறையின் மேல் கால் வைப்பதில்லை. சற்று ஒதுங்கியே போகிறார். சென்ற வாரம் அந்த இளைஞர் வண்டிக்குப் புது வர்ணம் அடித்து, தாயாருக்குக் காட்டுவதற்காகத் தெருவுக்குக் கொண்டுவந்தார். தாயார் பார்த்துவிட்டு, "நன்றாயிருக்கிறது. உனக்குக் கல்யாணம் ஆயிற்றா?" என்று கேட்டார். இன்னும் ஆகவில்லை என்றார் அவர். "ஆனபிறகு அவளையும் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லியனுப்பினார்.